நாற்பது சுடருக்கு மேல்

புழையூரில் பெண் பார்க்க வருகிறவர்கள் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு, வெளிச்சத்தைச் சுடர்க் கணக்கில் அளக்கிற ஒரு சுடர்மானியையும் வைத்துக் கொண்டுவருவார்கள். வெற்றிலை என்பது பச்சைச் சாயமேற்றிய தாள். பழம் என்பது பாசியை அரைத்துப் பிடித்த உருண்டை. சுடர்மானி மட்டும் அசல் சரக்கு. பெண் வந்து நின்றதும் கூடத்திலுள்ள மற்றவர்கள் எல்லாரும் தங்கள் மார்பில் ஒளிர்கிற நெஞ்சுவில்லையைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்துபோய், பெண்ணின் மார்புக்கு ஒரு முழம் தள்ளி மானியை நீட்டிப் பிடிப்பார். எண்ணை வாய்விட்டுச் சொல்லமாட்டார். அது மரியாதை இல்லையாம். மாப்பிள்ளையின் தாயார் காதில்தான் சொல்வார். அந்தம்மாள் உச்சுக் கொட்டினால் கதை முடிந்தது. ஆளுக்கொரு பாசி உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிவிடுவார்கள்.

ஒரு மனுஷியை நிற்கவைத்து மானி பிடித்து அளக்கிறோமே என்று அங்கே எவருக்கும் கூச்சம் வந்ததில்லை. கேட்டால், வழிவழியாக வருகிற முறை என்பார்கள். வழிவழி என்ன வழிவழி, அந்த ஊருக்கே வயது மூன்று தலைமுறைதான்.

நிலாவின் தரைக்கு அடியில், ஏதோ ஒரு காலத்தில் எரிமலைக் குழம்பு ஓடி வற்றிப்போன நீண்ட புழை அது. நெல்லைச் சீமையிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த குடும்பங்கள் அதற்குள் குடியேறி, வாயில் மூடிகளைப் பொருத்தி, காற்றை அடைத்து ஊராக்கிவிட்டார்கள். மேலே வெயிலில் செய்யவேண்டிய வேலையை எல்லாம் இயந்திரங்கள் செய்தன. மனிதர்கள் வெளியே போவதில்லை. மின்சாரம் எப்போதும் பற்றாக்குறை. 'மின்சாரம் காற்றுக்கு, கண்ணுக்கு அல்ல' என்பது ஊர்ச் சட்டம். தெருவிளக்கு, வீட்டுவிளக்கு என்ற பேச்சே கிடையாது. ஆளுக்கொரு நெஞ்சுவில்லை, அவரவர் வெளிச்சம் அவரவர் நெஞ்சில்.

உள்ளங்கை அகலத்தில், காற்று நீக்கி மூடிய கண்ணாடி வில்லை அது. அதன் அடித்தட்டில் கரிநுண்குழல்கள் நிற்கும். கரி அணுக்களாலான குழல்கள். மயிரிழையைப் பல்லாயிரமாகக் கிழித்தால் வருமே, அந்தப் பருமன். உடம்புச் சூட்டிலிருந்து உண்டாகிற சொற்ப மின்சாரத்தைக் கொடுத்தாலே போதும், குழல்களின் நுனி எலெக்ட்ரான்களை உமிழும். அவை எதிரே கண்ணாடியில் பூசிய ஒளிர்பூச்சில் போய் மோத, மங்கலாகப் பச்சை வெளிச்சம் வரும். தடுக்கி விழாமல் நடக்கப் பத்துச் சுடர் தாராளம். ஆனால் மனிதன் நடக்கவா பிறந்தான்? அடுத்தவனை அளக்கப் பிறந்தான்.

பதினைந்து வயதானதும் ஊர்க் கிட்டங்கியில் வில்லை கொடுப்பார்கள். கைக்கு எது அகப்படுகிறதோ அது. ஒருத்திக்கு முப்பது வரும், அவள் தங்கைக்குப் பதினொன்று வரும். அதில் யாருடைய திறமையும் இல்லை, யாருடைய குற்றமும் இல்லை. உலையில் குழல் வளர்ந்த நாளின் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, 'எங்க குடும்பத்துல ஒளி ரத்தத்துலயே உண்டு' என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அலைந்தார்கள். மங்கல் வில்லைக்காரன் நல்லது சொன்னால் ஒரு நாயும் கேட்காது. ஐம்பது சுடர்காரன் தும்மினாலும் நாலு பேர் ஆமாம் போடுவார்கள்.

இந்தக் கூத்தையெல்லாம் பார்த்து வாய்விட்டுச் சிரித்த ஒரே ஆள் கோமதிநாயகம். உமிழ்வுப் பட்டறையின் தலைமைப் பொறியாளர். கிரகங்களுக்கிடையே போகிற சரக்குக் கப்பல்களின் எஞ்சின்களுக்கு, எலெக்ட்ரான் உமிழும் தட்டுகளைச் செய்து கொடுக்கும் பட்டறை அது. ஊரில் கரிநுண்குழலின் குணம் முழுக்கத் தெரிந்தவர் அவர்தான். அதை அவரே நாளுக்கு நாலு தடவை சொல்லிக்கொள்வார். டீக்கடை வாசலில் அவர் உட்கார்ந்தால் யாருடைய மானமும் தப்பாது. மகளின் வில்லையை வெல்வெட் துணியால் துடைத்துத் துடைத்துத் தேய்த்தவனை, 'இன்னும் கொஞ்சம் தேய், பூதம் வரும்' என்பார். வில்லைக்கு அபிஷேகம் செய்தவளை, 'கண்ணாடிக்குக் குளிருமே தாயி' என்பார். ஊரே எருமைக் கூட்டம், தான் ஒருத்தன்தான் மனுஷன் என்பது அவர் எண்ணம். முதல் பாதி சரிதான்.

அவருக்கு ஒரே மகள், செண்பகவடிவு. காற்று வடிகட்டிப் பிரிவில் வேலை. வடிகட்டி அடைத்துக்கொண்டால் சத்தத்தை வைத்தே எந்த மடிப்பில் அடைப்பு என்று சொல்லிவிடுவாள். கெட்டிக்காரி, வாய்த்துடுக்கும் உண்டு. வில்லை மட்டும் பதின்மூன்று சுடர். இதுவரை மூன்று குடும்பங்கள் வந்து, மானி பிடித்து, உச்சுக் கொட்டி, உருண்டையை விழுங்கிவிட்டுப் போயிருந்தன. ஒவ்வொரு தடவையும் கோமதிநாயகம், 'போங்கடா முட்டாப் பயல்களா' என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிவிட்டு மகளைப் பார்த்துச் சிரிப்பார். அவள் முதல் தடவை சேர்ந்து சிரித்தாள். மூன்றாம் தடவை சிரிக்கவில்லை.

நாலாவதாக வர இருந்தது இசக்கிராஜாவின் வீடு. அவன் வடிகட்டிப் பிரிவிலேயே அவளோடு வேலை பார்க்கிறவன். இரண்டு வருஷமாக ஒரே ஏணியில் மேலும் கீழுமாக நின்று பேசிப் பழகியவர்கள். அவன் வேறு ஷிப்டுக்கு மாற்றப்பட்ட வாரத்தில் இவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவனும் அப்படித்தான் இருந்தான் என்று அவனே சொன்னான். ஆனால் அம்மா சம்மதிக்க வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொன்னான். அம்மா கோலம்மாள் ஏற்கெனவே தூதனுப்பிவிட்டாள்: எங்கள் வீட்டில் யாரும் நாற்பத்தெட்டுக்குக் குறைவில்லை, வரப்போகிற மருமகளுக்கு நாற்பது சுடராவது இருந்தால்தான் நாலு பேர் நடுவில் நிற்க நன்றாயிருக்கும், பையன் ஆசைப்படுகிறான் என்பதால் வந்து பார்க்கிறோம்.

செண்பகவடிவு அப்பாவிடம் நேராகவே சொல்லிவிட்டாள். "இந்த ஒரு தடவைதாம்ப்பா வந்து நிப்பேன். இவன் எனக்கு வேணும்னு தோணுது, அதான். இதுவும் இல்லன்னு ஆச்சுன்னா, அதுக்குப் பொறவு எவன் மானி முன்னாலயும் நிக்கமாட்டேன்."

கோமதிநாயகத்துக்குப் பயம் வந்தது. வழக்கம்போல அதைக் கோபமாக மாற்றிக்கொண்டார். கோலம்மாளுக்கு நெஞ்சில் நாற்பத்தெட்டு இருக்கலாம், மண்டைக்குள்ளே ஒரு சுடருக்கு வழியில்லை என்று கத்தினார். அவர் மனைவி ஆவுடையம்மாள் அவர் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு, ஊர் பேர் தெரியாத கப்பலுக்கெல்லாம் ஏதோ பிளாஸ்மா அடித்து உமிழ்வைக் கூட்டிக் கொடுக்கிறீர்களே, பெற்ற மகளுக்கு ஒரு தடவை அடித்தால் கையா தேய்ந்துவிடும் என்று கேட்டாள்.

அவர் அரை மணி நேரம் நியாயம் பேசினார். ஊரே முட்டாள்தனமாக ஓடும்போது நாமும் கூட ஓடுவதா என்றார். இந்த எண் வெறும் அதிர்ஷ்டம் என்று ஊருக்குச் சொன்ன வாயால் எப்படி என்றார். வில்லையைத் திறப்பது சட்டப்படி குற்றம் என்றும் சேர்த்துக்கொண்டார். ஆவுடையம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளையில், பட்டறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, கோமதிநாயகம் மகளின் வில்லையை மடியில் மறைத்துக்கொண்டு பிளாஸ்மா கூண்டின் முன்னால் போய் நின்றார். கொள்கைக்காரர்களின் கொள்கை ஒரு சாப்பாட்டு வேளைக்குத்தான் தாங்கும்.

அவர் செய்தது என்ன என்பதைச் சொல்லிவிடலாம், பெரிய ரகசியமில்லை. கரிநுண்குழல்கள் உலையில் வளரும்போது நெருக்கியடித்துக்கொண்டு வளரும், ரேஷன் கடைக் கூட்டம் போல. கூட்டத்தில் ஒருவனை ஒருவன் மறைப்பதுபோல, ஒரு குழல் மற்றதன் மேல் மின்புலம் படவிடாமல் மறைத்துக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து நிற்கும், எதுவும் உருப்படியாக உமிழாது. போதாக்குறைக்கு நுனியெல்லாம் கசடு படிந்திருக்கும். இந்தத் தட்டைக் கூண்டுக்குள் வைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, துளி ஆர்கான் வாயுவை விட்டு மின்னழுத்தம் கொடுத்தால், வாயு மின்னேறிப் பிளாஸ்மாவாகி ஊதாவாக ஒளிரும். அதிலுள்ள அயனிகள் குழல்கள்மேல் மோதிக் கசட்டைச் சுரண்டும், நோஞ்சான் குழல்களை அரித்துத் தள்ளும், மிஞ்சியவற்றின் மூடிய நுனியைத் திறந்துவிடும். கூட்டம் கலைந்து, இடைவெளி விட்டு நிற்கிற குழல்கள் அதே மின்சாரத்தில் பலமடங்கு எலெக்ட்ரான்களைக் கொட்டும். நேரக் கணக்கு முக்கியம். குறைந்தால் பயனில்லை, மிஞ்சினால் தட்டு மொட்டையாகிவிடும்.

கோமதிநாயகத்தின் கை கணக்குத் தப்பாத கை. முதல் தடவை அடித்து எடுத்ததும், ஒளி வெளியே தெரியாத அளவைப்பெட்டிக்குள் வில்லையை வைத்து மூடி எண்ணைப் பார்த்தார். நாற்பத்தாறு. வேலை முடிந்தது. ஒரு புத்தியுள்ள தகப்பன் அத்தோடு வில்லையை மூடி வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பான்.

அவருக்கு அது போதவில்லை. கோலம்மாள் வீட்டு நாற்பத்தெட்டு அவர் கண் முன்னால் வந்து நின்று பல்லிளித்தது. இரண்டு சுடர் கூட என்று அந்தப் பொம்பளை ஆயுசு முழுக்க என் மகளைச் சொல்லிக்காட்ட மாட்டாளா? அவள் வாயை ஒரேயடியாக அடைத்தால் என்ன? ஊரில் எவனும் கண்டிராத எண்ணைக் காட்டி மூக்கை அறுத்தால் என்ன? எண் ஒரு முட்டாள்தனம் என்று முப்பது வருஷமாகச் சொன்ன மனிதர், முட்டாள்தனத்திலும் தானே முதலாவதாக வரவேண்டும் என்று தீர்மானித்தார். வாயுவைக் கொஞ்சம் மாற்றிக் கலந்து இன்னொரு தடவை அடித்தார்.

பட்டறையைக் கவனித்துக்கொள்ளும் இயந்திரத்துக்குக் காவலி என்று பெயர். அதற்குத் தெரிந்ததெல்லாம் எழுத்துத் தமிழ்தான். அது அளவைப்பெட்டியைப் பார்த்துவிட்டு அவரிடம் விசாரித்தது.

"இவ்வில்லை இப்போது நூற்றைம்பது சுடர் தருகிறது. நடப்பதற்குப் பத்து போதுமானது. மீதி எதற்கு?"

"கல்யாணத்துக்கு."

"வெளிச்சத்துக்கு அப்படியொரு பயன் இருப்பதாக நான் அறியவில்லை."

"நீ மனுசனாப் பொறந்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார் கோமதிநாயகம், வில்லைக்கு முத்திரை வைத்துக்கொண்டே. காவலி அதற்குப் பதில் சொல்லவில்லை. இயந்திரங்களுக்கும் ஓரளவு நாகரிகம் உண்டு.

வீட்டில் அவர் வில்லையைக் கறுப்புத் துணியில் சுற்றி மகளிடம் கொடுத்து, அவர்கள் வந்து உட்காரும்வரை பிரிக்கக் கூடாது, கண் பட்டுவிடும் என்றார். அபிஷேகம் செய்தவளைக் கேலி பண்ணிய வாய்தான். செண்பகவடிவு துணிச் சுருளைக் கையில் வைத்துப் பார்த்தாள். எடை பார்க்கப் போகிற ஆட்டின் வயிற்றில் தண்ணீரை ஊற்றி அனுப்புகிற மாதிரி இருக்கிறதே அப்பா என்றாள்.

"அவ எண்ணுதான கேட்டா. எண்ணக் குடுத்துருக்கேன். நீ ஆசப்பட்டவன் ஒனக்குக் கெடைக்கணும், எனக்கு வேற என்னத்துக்கும்மா?"

இதை மட்டும் அவர் நெஞ்சாரத்தான் சொன்னார். அதனால் அவள் சுருளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சாயங்கால ஷிப்டு முடிந்த கையோடு அவர்கள் வந்தார்கள். கோலம்மாள், அவள் தம்பி, இசக்கிராஜா. கோலம்மாள் கூடத்துக்குள் நுழையும்போதே நாற்பத்தெட்டு சுடரும் எதிராளியின் கண்ணில் படும்படி உடம்பைத் திருப்பித் திருப்பி நடந்தாள். பச்சை மங்கலில் எல்லாரும் ஒரே சாம்பல் பச்சை உருவங்கள்தான். புழையூரில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டதே குரலையும் நடையையும் வில்லையையும் வைத்துத்தான். ஆவுடையம்மாள் உருண்டைத் தட்டை வைத்தாள். காற்று இந்த மாதம் கொஞ்சம் புளிப்பாக இருக்கிறது, தண்ணீரை மறுபடி குறைக்கப்போகிறார்களாம் என்று வழக்கமான பேச்சுகள் நடந்தன. துணி சுற்றிய வில்லையை நெஞ்சில் மாட்டிக்கொண்டு செண்பகவடிவு உள்ளிருந்து வந்து நின்றதும் எல்லாரும் தங்கள் வில்லைகளைப் பொத்திக்கொள்ள, கூடம் இருண்டது. தாய்மாமன் மானியோடு எழுந்தார். அவள் துணியைப் பிரித்தாள்.

கூடத்தில் வெளிச்சம் வெடித்தது.

பச்சை வெளிச்சமில்லை, வெள்ளை. ஒளிர்பூச்சு பல பொருள்களின் கலவை. சொற்ப எலெக்ட்ரான்கள் விழும்போது அதில் பச்சை மட்டும்தான் விழித்துக்கொள்ளும். இப்படிக் கொட்டு கொட்டென்று கொட்டினால் சிவப்பும் நீலமும் கூட எழுந்து, எல்லாம் கலந்து பகல் போல ஆகிவிடும். கோமதிநாயகத்துக்கு இது பாடமாகத் தெரிந்த விஷயம். ஆனால் மூடின பெட்டிக்குள் அவர் பார்த்தது எண்ணைத்தானே, வெளிச்சத்தையா பார்த்தார்? ஊரையே எருமைக் கூட்டம் என்றவர் கூட்டத்தோடு கூட்டமாக எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியாக வந்துவிட்டார்.

எல்லாரும் கண்ணைக் கசக்கினார்கள். கண்ணீர் நின்றதும் மெல்ல மெல்லத் திறந்தார்கள். சுவரில் எத்தனையோ வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தது. கோலம்மாளின் பட்டுத் துப்பட்டாவில் ஒட்டுப்போட்ட இடங்கள் தெரிந்தன. தாய்மாமன் மானியைப் பார்த்தார். முறையை மறந்து, "நூத்தம்பது, அக்கா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

கோலம்மாள் எழுந்துவிட்டாள். கும்பிட்டபடியே, நாற்பது என்று கேட்டதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், இந்த ஊரிலேயே என் மருமகள்தான் முதல் என்று நாளைக்கே ஊருக்குச் சொல்வேன், தேதியை இப்போதே குறித்துவிடலாம் என்றாள். ஆவுடையம்மாள் புருஷனைப் பார்த்தாள். கோமதிநாயகம் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். இசக்கிராஜா முதல் தடவையாகச் சிரித்தான், செண்பகவடிவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவளுடைய பல்வரிசை பளிச்சென்று தெரிந்தது. கோலம்மாள் அந்தப் பல்வரிசையைப் பார்த்தாள். பிறகு பல்லைச் சுற்றியிருந்த முகத்தைப் பார்த்தாள்.

மருமகளின் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைக்க நீட்டிய கை பாதியில் நின்றது. அவள் கிட்டே போனாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாள். பிறகு தம்பியிடம் திரும்பி, எண்ணைச் சொல்வதற்கென்று வைத்திருந்த அந்த ரகசியக் குரலில், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பொண்ணு கொஞ்சம் கருப்போ?"

மூன்று தலைமுறையாக அந்த ஊரில் எவரும் ஒரு மனித முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. சொல்ல வாய்ப்பே இல்லை. கோலம்மாள் பிறந்ததே அந்த மங்கலுக்குள்தான். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் ஒரு தடங்கலில்லாமல் வந்தது, நேற்றுத்தான் சொல்லி நிறுத்தியதைப்போல. பூமியை விட்டுப் புறப்பட்டபோது மூட்டைக்கு எடைக்கட்டுப்பாடு உண்டு. எதையெதையோ விட்டுவிட்டு வந்தவர்கள் இதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

கோமதிநாயகத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. அவர் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. எழுந்து போங்கள் வெளியே என்று. அதைச் சொல்லவில்லை. இசக்கிராஜாவை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார்.

"உங்க பையன் மட்டும் என்னத்த செக்கச் செவேல்னு இருக்கான் மைனி? அடுப்புக்கரி கணக்காத்தான் இருக்கான்."

அவ்வளவுதான். கோலம்மாள் மகனின் சட்டைக் கையைச் சுருட்டி, வெளுப்பான உள்கையைத் திருப்பிக் காட்டினாள். தாய்மாமன் தன் கையை அதன் பக்கத்தில் வைத்து, எங்கள் வம்சமே இந்த நிறம்தான் என்றார். ஆவுடையம்மாள் மகளின் கன்னத்தைத் திருப்பி, வெளிச்சம் கீழேயிருந்து அடிப்பதால் அப்படித் தெரிகிறது, பக்கவாட்டில் பாருங்கள் மாநிறம்தான் என்றாள். மாநிறம் என்ற சொல்லும் தங்குதடையில்லாமல் வந்தது. கோமதிநாயகமும் கையை நீட்டிவிட்டார். மூன்று பேரின் முன்கைகளும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. குனிந்து குனிந்து பார்த்தார்கள். ஒன்றுக்கொன்று இம்மியும் வித்தியாசமில்லை. எல்லாம் ஒரே கருப்பு. அதிலும் யார் கை ஒரு பிடி தேவலை என்று கண்டுபிடித்துவிட அவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. இத்தனையும் யாருடைய வெளிச்சத்தில் நடந்ததோ, அவளை யாரும் கவனிக்கவில்லை. விளக்குத் தண்டுபோல நின்றுகொண்டிருந்தாள்.

செண்பகவடிவு இசக்கிராஜாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாகக் கேட்டுப் பழகிய குரல். முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். அவளுக்கு அந்த முகம் பிடித்திருந்தது. அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் அம்மாவைப் பார்த்தான், இவளைப் பார்த்தான். பிறகு எழுந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி கிட்டே வந்தான். பிரியமாகத்தான் சொன்னான்.

"வடிவு, அத நீ கொஞ்சம் மங்கலா வச்சுக்கிட முடியாதா? இவ்வளவு வெளிச்சம் நமக்கு எதுக்கு?"

அவளுக்கு அழுகை வந்தது, விடவில்லை. வில்லையின் கொக்கியைக் கழற்றி, அவன் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"இந்தா. ஒங்க அம்மா கேட்டதுக்கு மேலயே இருக்கு. இதையே கட்டிக்கோ."

கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். வில்லை இல்லாமல் புழையூரில் யாரும் வாசல் தாண்டுவதில்லை. அவள் சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வடிகட்டிகளின் இரைச்சலைக் கேட்டு வழி பிடித்து நடந்தாள். அவளுக்கு அது சுலபம்.

கோமதிநாயகம் அவள் பின்னால் இரண்டடி போனார். மகள் கேட்டது ஒரே ஒரு பொருள், அதையும் நாசமாக்கிவிட்டோம் என்று அந்த நேரத்தில் அவருக்கு நிஜமாகவே உறைத்தது. நாற்பத்தாறோடு நிறுத்தியிருந்தால் இந்நேரம் தேதி குறித்திருப்பார்கள் என்று தோன்றியது. நிறுத்தியிருந்தால், மானிக்குப் பயந்தவனைக் கட்டிக்கொண்டு அவள் காலமெல்லாம் பச்சை மங்கலில் இருந்திருப்பாள் என்பதும் அடுத்ததாகத் தோன்றியிருக்கும். அதற்குள் கோலம்மாள் கூப்பிட்டுவிட்டாள்.

கோலம்மாள் மருமகள் போனதையே கண்டுகொள்ளவில்லை. மகனின் விரல்களை விரித்து, அவன் உள்ளங்கையிலேயே வில்லையை நிமிர்த்தி வைத்து, அந்த வெளிச்சத்தில் தன் புறங்கையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கை வைத்துத் தடவினாள். அங்கே எப்படி இருக்குமோ என்ற பயம் வந்துவிட்டது. நாற்பத்தெட்டு சுடர்காரியின் குரல் குழைந்து போயிருந்தது.

"அண்ணாச்சி, நீங்க பட்டறையில கப்பலுக்கு அடிக்கிற அந்தப் பிளாஸ்மாவ அடிச்சுத்தான இத இப்படிப் பளபளன்னு ஆக்கியிருக்கணும். அத ஒரு தடவ மூஞ்சில அடிச்சா, கொஞ்சம் வெளுக்குமா?"

தாய்மாமன் காதைத் தீட்டிக்கொண்டார். ஆவுடையம்மாளும் தலையைத் திருப்பினாள். அத்தனை பேரும் தன் வாயையே பார்ப்பதைக் கோமதிநாயகம் கண்டார். டீக்கடையில் முப்பது வருஷம் பேசியும் ஒருநாள்கூட இப்படி யாரும் அவர் பேச்சுக்குக் காத்திருந்ததில்லை. அவர் வாசலைப் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எடுத்த எடுப்புல மூஞ்சில வேண்டாம் மைனி" என்றார். "மொதல்ல கையில ஒரு ஓரமா அடிச்சுப் பாத்துக்கிடுவோம்."

கோலம்மாள் அதற்குள் தன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தாள்.